பிடிச்ச மீனைத் திரும்ப விடவா இத்தனை குளிர்ல உட்காரணும்?

டிசம்பர் மாத இங்கிலாந்து. டிரென்ட் ஆற்றங்கரைப் புல்லில் உறைபனி. ஒருத்தர் பெரிய குடைக்கடியில் உட்கார்ந்து தூண்டில் நுனியையே பார்த்துட்டு இருக்கார். மீன் கிடைத்தால் சமைக்கப் போறதில்லை, ஆற்றிலேயே விடப் போறார். அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?

சால்மன், டிரவுட் தவிர்த்த நன்னீர் மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதை அங்கே 'கோர்ஸ் ஃபிஷிங்' என்கிறார்கள். ஆறுகளில் ஜூன் 16 முதல் மார்ச் 14 வரைதான் அனுமதி. 13 வயதானாலே லைசென்ஸ் வேணும்.

தண்ணீர் குளிர்ந்தால் மீனுக்குச் செரிமானம் மந்தம், பசியும் குறைவு. பார்பல் மீன் பெரும்பாலும் வாயே திறக்காது. ஆனா கெண்டைக் குடும்பத்து 'சப்' இருக்கே, அது குளிரிலும் சாப்பாட்டு ராமன்! மரக்கிளை தண்ணீரைத் தொடும் இடத்தில், ஓட்டம் தணிந்த பக்கமாக ஒதுங்கி நிற்கும். முள்ளில் ரொட்டி அல்லது சீஸ் போதும். 1653-ல் வெளியான ஐசக் வால்டனின் தூண்டில் நூலிலேயே சப் மீனுக்குச் சீஸ் உண்டு. இரையை மட்டும் அள்ளிக் கொட்டிடாதீங்க. வயிறு நிறைஞ்சா உங்க முள்ளை அது ஏன் தொடணும்?

நாலு மணிக்கே இருட்டிடும். அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் பொன்னானது, அதுக்கு முன்னாடி கிளம்பிடாதீங்க.

மீன் சிக்கியதும் கையை நனைச்சுக்கிட்டுத் தொடுங்க. உலர்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு உரிந்து, கிருமி தொற்றும். செல்ஃபி ஒண்ணோட நிறுத்திக்கலாம். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துத் தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடிங்க, அதுவா வாலை உதறிட்டுப் போகிற வரைக்கும்.