மீஸாப்: கூரை நீரும் தெருவின் உரிமையும்

தென்காசியில் வீடு எழுப்பும் நண்பர் ஒருவர், ஓட்டுக் கூரையின் ஓரத்தில் மழைநீர்த் தூம்பு வைப்பது அவசியம்தானா என நம்மிடம் வினவினார். கொத்தனாரிடம் கேட்க வேண்டியதை அரபிக் கல்லூரி ஆசிரியரிடம் கேட்கிறாரே என முதலில் நகைத்தோம். பிறகுதான் நம் ஃபிக்ஹு நூல்கள் இது குறித்துப் பேசியிருப்பது நினைவுக்கு வந்தது.

தூம்பை அரபியர் 'மீஸாப்' என்பர். பழைய கஅபாவுக்குக் கூரை இல்லை. எனவே மீஸாபும் இல்லை. நபித்துவத்திற்குச் சுமார் ஐந்தாண்டுகளுக்கு முன், கி.பி. 605 அளவில், குறைஷியர் அதனைப் புதுப்பித்துக் கூரையிட்டபோதுதான் நீர் ஹிஜ்ர் பக்கம் விழும்படி மீஸாப் பொருத்தினர் என்பது வரலாற்றாசிரியர் கூற்று.

மதீனாவில் நிகழ்ந்தது வேறு. அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டு மீஸாப், உமர் (ரலி) அவர்கள் செல்லும் வழியை நோக்கி இருந்தது. ஒரு ஜும்ஆ நாளில் நல்லாடை உடுத்தி வந்த கலீஃபாவின் மீது, அறுக்கப்பட்ட பறவைக் குஞ்சுகளின் குருதி கலந்த நீர் அதன்வழி கொட்டியது. அதனைப் பிடுங்கிவிட ஆணையிட்டு, வீடு திரும்பி உடை மாற்றி வந்து தொழுகை நடத்தினார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் அமைத்த இடம் அது என அப்பாஸ் (ரலி) தெரிவித்ததும், தம் முதுகில் ஏறி நின்று பழைய இடத்திலேயே பொருத்துமாறு உமர் (ரலி) வற்புறுத்தினார்கள், அவ்வாறே நடந்தது. முஸ்னத் அஹ்மதில் இடம்பெறும் இச்செய்தியின் அறிவிப்பாளர் தொடரில் விடுபாடு உண்டு என ஹதீஸ் கலையினர் கூறுவர். ஆயினும் சட்ட அறிஞர்கள் இதனை ஒதுக்கிவிடவில்லை.

இமாம் நவவீ (மறைவு கி.பி. 1277) தம் மின்ஹாஜில், பொதுத் தெருவை நோக்கி மீஸாப் நீட்டலாம் என்கிறார்; ஆனால் அதனால் நேரும் அழிவுக்கு ஈடு தரவேண்டும் என்பதையும் உடன் சேர்க்கிறார். ஹனஃபீ நூலான ஹிதாயா இன்னும் கண்டிப்பானது. பொதுமக்களில் எவரும் அதனை அகற்றலாம். முட்டுச் சந்தாயின் அங்கு வாழ்வோரின் இசைவு வேண்டும்.

இனி நண்பரின் வீடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று கொண்டுவரும் குற்றாலச் சாரல் நேராக விழுவதில்லை. சாய்ந்து சுவரில் அடிக்கும். அதற்குத் தூம்பால் பயனில்லை, நீண்ட இறவாரமே காவல். ஐப்பசி, கார்த்திகை அடைமழை அப்படியன்று. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் இறங்கும். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் கொட்டியதை யார் மறப்பர்?

இரு கூரைகள் சேரும் கூடுவாயில் தகரம் இன்றி முடியாது. மூன்று பக்கம் சொந்த நிலம் உள்ளதால், அங்கெல்லாம் இறவாரத்தின் கீழ்க் கல் பாவி நீரை வழிய விடலாம். தெருப்பக்கம்தான் சிக்கல். அது குறுகிய சந்து. எதிர்வீட்டு வாசல் மிக அருகில். விடியலில் தொழுகைக்குச் செல்வோர் நடக்கும் வழி. அங்கே தூம்பு வேண்டும். அதுவும் தெருவில் கொட்டாமல், சுவரோடு குழாய் இறக்கி, 2003-இல் தமிழகம் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு அமைப்பில் சேர்க்க வேண்டும் என்றோம்.

செலவு கூடுமே என்றார் நண்பர். குழாய் இல்லாத தூம்பு போதுமா என எதிர்வீட்டாரைக் கேட்டு வருமாறு அனுப்பி வைத்தோம்.