கல்வெட்டும் பள்ளியும்: திருகோணமலைச் சொல்வழக்கு உணர்த்தும் வரலாறு

ஒரு பிரதேசத்தின் வரலாற்றை அறிவதற்குக் கல்லும் ஏடும் துணைபுரிவதுபோலச் சொல்லும் துணைபுரியும். எனினும் சொல்லைச் சான்றாகக் கொள்ளுமிடத்து ஓர் இடர்ப்பாடு உண்டு. எழுத்து மாறாதிருக்கப் பொருள் மாறிவிடுதல் கூடும். இன்றைய பொருளையே பண்டைய ஆவணத்திலும் ஏற்றிக் காண்பார்க்கு வரலாறு பிறழ்ந்தே தோன்றும். திருகோணமலைத் துறைமுகப் பகுதியோடு தொடர்புடைய சில சொற்கள் இவ்வுண்மையை நன்கு விளக்குவன.

கவிராசவரோதயர் இயற்றிய 'கோணேசர் கல்வெட்டு' என்னும் பெயரைக் கேட்போர் அதனைக் கற்பொறிப்பு என்றே எண்ணுவர். அது கல்லில் வெட்டப்பெற்றதன்று. ஓலைச்சுவடி வழி வந்த நூலாகும். செய்யுளும் உரைநடையும் விரவிய அந்நூல், குளக்கோட்டு மன்னனின் திருப்பணிகளையும், தானத்தார், வரிப்பத்தார் முதலியோர் கோயிலுக்கு ஆற்றவேண்டிய கடமைகளையும் கூறுகின்றது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைத் தகர்த்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். கல் கோட்டைச் சுவராயிற்று. கோயிலின் மரபு ஏட்டிலே எஞ்சிற்று. இன்றோ ஈழத்துத் தமிழர் இல்லங்களில், இறந்தோர் நினைவாக முப்பத்தோராம் நாளில் வெளியிடப்பெறும் சிறு நூலும் கல்வெட்டு எனப்படுகின்றது. மறக்கலாகாதது எதுவோ அதுவே கல்வெட்டு என்னும் கருத்து இவ்வழக்குகள் அனைத்திலும் இழையோடக் காணலாம்.

'பள்ளி' என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சிந்திக்கத் தக்கது. சைவரிடையே அது பெரிதும் கல்விக்கூடத்தைக் குறிக்க, கிண்ணியா, மூதூர் ஆகிய ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களிடையே தொழுகைத் தலத்தைக் குறிக்கின்றது. ஆனால் திருகோணமலை நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்தை அடுத்துள்ள வெல்கம் விகாரையின் பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களில், 'இராசராசப் பெரும்பள்ளி' என்பது பௌத்த விகாரையின் பெயராகும். சோழப் பேரரசனின் பெயர் தாங்கிய அப்பள்ளிக்குத் தமிழ்ப் பெயருடையோர் விளக்கும் பசுவும் கொடையாக அளித்தமையை அச்சாசனங்கள் தெரிவிக்கின்றன. பிற்காலத்தில் அவ்விடம் உள்ளூர்த் தமிழரிடையே நாதனார் கோயில் என வழங்கிற்று. தமிழ் பேசிய பௌத்தர் இப்பகுதியில் வாழ்ந்தனர் என்பதை மறந்தோர்க்கு அப்பெரும்பள்ளி விளங்காத புதிராகவே இருக்கும்.

பொருள் மாறாது நிலைத்த சொற்களும் உள. சங்கச் செய்யுட்களில் வடகாற்று வாடை என்றும், கீழ்காற்று கொண்டல் என்றும் பெயர் பெற்றன. கடல்மேற் செல்லும் மீனவர் வாய்மொழியில் அப்பெயர்கள் இன்றும் வாழ்கின்றன. ஏட்டில் அருஞ்சொல்லாகக் கற்கப்படுவது கரையில் அன்றாட வழக்காக இருத்தல் வியப்புக்குரியது. கதிரை, தோம்பு என்பன போர்த்துக்கேயர் வழியாகவும், கந்தோர் என்பது ஒல்லாந்தர் வழியாகவும் ஈழத்தமிழில் வந்து சேர்ந்தன. அவற்றுட் கந்தோர் என்னும் சொல்லை 'அலுவலகம்' மெல்ல அகற்றி வருகின்றது. அயற்சொல் என்று தள்ளப்படினும், அது ஓர் ஆட்சிக்காலத்தின் தடயமாகும்.

சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் கிறித்தவரும் ஒருங்கே வாழும் இம்மாவட்டத்தில், பழஞ்சான்றுகள் உரிமை வழக்குகளுக்குக் கருவியாதல் எளிது. ஒரு சொல்லை ஒரு சாரார்க்கே உரியதாக்கிவிட்டால் அதன் ஏனைய வரலாறுகள் மறைந்துபோகும். ஆதலின் சாசனச் சொற்களை ஆராய்வோர் ஊர்வழக்கையும், ஊர்வழக்கைத் திரட்டுவோர் சாசனங்களையும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. முதியோர் நாவில் வாழும் சொற்கள் அவர்களோடு மறையுமுன் அப்பணி தொடங்கப்பெறல் வேண்டும்.