நம் திருச்சியும் சங்கீதமும்: பெற்றோருக்கு ஒரு வார்த்தை



சனிக்கிழமை மாலை நம் கம்யூனிட்டி ஹாலில் பாட்டு வகுப்பு நடப்பது உங்களுக்குத் தெரியும். ஆரம்பித்தபோது பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். இப்போது நான்கு பேர்தான். அடுத்த காலாண்டில் ஆறு பேராவது சேராவிட்டால் நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. நிறுத்துவதற்கு முன்னால், நாம் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுகிறோம் என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதூர்க்காரர்களான நமக்கு ஜங்ஷன் ரயில் சத்தம் பழகிப்போன ஒன்று. சங்கீதக் கதையையும் ரயில்வேயிலிருந்தே தொடங்கலாம். தென்னிந்திய ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேசய்யர், 1914-இல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கினார். அவர் போட்ட 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக நடிக்க ஒரு சிறுவன் கிடைத்தான். பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. பாட்டுப் பைத்தியத்தில் வீட்டை விட்டு ஓடிப்போனவன், கடப்பையில் பாடிக்கொண்டிருந்தபோது அப்பா தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தார் என்று சொல்வார்கள். அந்தப் பையன்தான் எம்.கே. தியாகராஜ பாகவதர். மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் கற்றார். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஒரு ரயில்வே அதிகாரி வேலைக்கு நடுவில் சபாவும் நடத்தியதால்தான் அந்தச் சிறுவனுக்கு ஒரு மேடை கிடைத்தது.

ஆலத்தூர் சகோதரர்கள் பெயரைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உண்மையில் அவர்கள் உடன்பிறந்தவர்கள் அல்ல. சிவசுப்பிரமணிய ஐயர், ஆலத்தூர் வெங்கடேச ஐயரின் மகன். சீனிவாச ஐயர் அவரிடம் பாடம் கேட்க வந்த மாணவர். ஒரே வீட்டில், ஒரே குருவிடம் சேர்ந்து கற்றதால் ஊர் உலகத்துக்கு அண்ணன் தம்பி ஆனார்கள். 1964, 1965 என்று அடுத்தடுத்த வருடங்களில் இருவருக்கும் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

லால்குடிக்கு வாருங்கள். தியாகராஜ சுவாமிகள் அங்கே வந்து ஐந்து கிருதிகள் பாடினார். அவைதான் லால்குடி பஞ்சரத்தினம். ஸ்ரீரங்கத்துக்கும் அவர் ஒரு பஞ்சரத்தினம் தந்திருக்கிறார். லால்குடி ராமய்யர் அவருடைய சீடர். அந்த வம்சத்தில் 1930-இல் பிறந்தவர் லால்குடி ஜெயராமன். தந்தை கோபாலய்யரிடம் கற்று, பன்னிரண்டு வயதிலேயே பக்கவாத்தியம் வாசிக்க மேடை ஏறினார். அவருடைய தங்கை ஸ்ரீமதி பிரம்மானந்தமும் அதே தந்தையிடம் கற்று வயலின் வித்வான் ஆனார். ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என்று அந்த வீட்டில் பார்க்கவில்லை.

லால்குடிக்குப் பக்கத்து ஊர் பூவாளூர். 1942-இல் அங்கே பிறந்த திருச்சி சங்கரன், பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் கற்றார். பதின்மூன்று வயதில் ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் குருவோடு சேர்ந்து வாசித்தார். 1971 முதல் கனடாவில் டொரன்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் 'தா தீ தொம் நம்' சொல்லிக் கொடுத்தார். அங்கே பல்கலைக்கழகத்தில் பாடமாக இருப்பது இங்கே ஆள் இல்லாமல் நிற்கிறது!

நம் திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியது. நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்த ஆறே ஆறு நிலையங்களில் நம்முடையதும் ஒன்று. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ ஆகியவற்றோடு திருச்சி! டிக்கெட் வாங்கிச் சபாவுக்குப் போக முடியாத என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்த ரேடியோப் பெட்டிதான் சபா.

இதற்கெல்லாம் முன்னோடி ஸ்ரீரங்கம். நாதமுனிகள் பிரபந்தத்துக்கு இசை அமைத்துத் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் அரையர் சேவையை, மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து நாட்களில் இன்றும் கேட்கலாம். கையில் சிறிய தாளம் மட்டும்தான். அப்பா பிள்ளைக்கு வாயால் சொல்லிக் கொடுத்தே வந்த சொத்து அது. ஒரு தலைமுறை "நேரமில்லை" என்று சொல்லியிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

சரி, நம் பிள்ளைகளுக்கு இதனால் என்ன லாபம்? பாட்டுக் கற்றால் மார்க் கூடும், மூளை வளரும் என்றெல்லாம் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் பாடம் சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்த முறை என்பார்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. பாட்டு வேகமாகும், கை வேகமாகக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது லேசான வேலை இல்லை. அவசரப்பட்டால் தாளம் தப்பும். தப்பியது யாரும் சொல்லாமலே அதன் காதுக்குத் தெரிந்துவிடும், திரும்பத் தொடங்கும். வங்கியில் ஒரு ரூபாய் உதைத்தாலும் டே புக் டேலி ஆகும்வரை வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்த எனக்கு அந்தப் பொறுமையின் விலை தெரியும்.

கடைசியாக என் சொந்தக் கணக்கு. என் மகள் ஆறு வருடம் வயலின் கற்றாள். பத்தாம் வகுப்பு வந்ததும் நான்தான் நிறுத்தினேன். "பரீட்சை முடியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். பரீட்சை முடிந்தது, பிளஸ் டூ வந்தது, காலேஜ் வந்தது. வயலின் பெட்டி பரண்மேல் போயிற்று. போன கோடை விடுமுறைக்கு வந்தபோது பேத்தி கேட்டாள் என்று பெட்டியை இறக்கினோம். மகள் தோளில் வைத்துப் பார்த்தாள். விரல் போகவில்லை. கோபப்படவில்லை. "வாரத்துக்கு ஒரு மணி நேரம்தானேப்பா" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒன்றைத்தான் கேட்கிறேன். உங்கள் பிள்ளை வித்வான் ஆக வேண்டாம். நாளைக்கு ஒரு கச்சேரியில் உட்கார்ந்து தானாகத் தொடையில் தாளம் போட்டால் போதும். வருகிற சனிக்கிழமை மாலை பிள்ளையின் கையைப் பிடித்து ஹாலுக்கு அழைத்து வாருங்கள். ஒரு வகுப்பு நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். அதன் பிறகு நிறுத்துவதா வேண்டாமா என்று பேசலாம்.



ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், பி பிளாக்