தோளும் இடுப்பும்: தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி நிலை பயின்ற வரலாறு

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்த கருமருந்து துப்பாக்கிக்கும் பட்டாசுக்கும் பொதுவான சரக்காக இருந்தும், சிவகாசி வட்டாரத்தில் மருந்தைக் கையாளும் வேலை பெண்களுக்குத் தலைமுறைத் தொழிலாக அமைந்த அளவுக்குத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி நிற்கும் பயிற்சி அவர்களை எட்டவில்லை. ஆங்கிலேயரை எதிர்த்த மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டபின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களின் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்நிலையை நாடு முழுவதற்கும் உறுதியாக்கியது. அதன்பின் துப்பாக்கிப் பயிற்சி பெரும்பாலும் படைக்கும் காவல்துறைக்கும் உரியதாகிச் சுருங்கியது; தமிழ்நாட்டுக் காவல்துறையிலோ 1973இல்தான் பெண்கள் சேர்க்கப்பட்டனர். சிவகாசிச் சிறுவர் கையில் உள்ள பொட்டு வெடித் துப்பாக்கியை இக்கணக்கில் சேர்க்க இயலாது. எடையும், குண்டு வெளியேறும்போது ஆயுதம் பின்னோக்கித் தள்ளும் விசையான பின்னுதைப்பும் இல்லாத அப்பொருளை ஒரு கையால் நீட்டிச் சுடலாம் என்பதால், எப்படி நிற்பது என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

அக்கேள்வி தமிழ்ப் பெண்களிடையே பெருமளவில் எழுந்த இடம் சிங்கப்பூர். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படைக்கு அழைப்பு விடுத்தபோது, சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் திரட்டிய ஏறத்தாழ இருபது பெண்கள், இரவல் வாங்கிய .303 ரைபிள்களுடன் புடவையிலேயே அணிவகுத்து மரியாதை செலுத்தினர். அணிவகுப்புக்குப் புடவை தடையாக இராதிருக்கலாம்; ஆனால் கால்களை அகற்றி ஊன்ற வேண்டிய சுடுநிலைக்கு அது ஒத்துவராது. அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று அப்பெண்கள் படையான ஜான்சி ராணி படைப்பிரிவின் பயிற்சி முகாம் தொடங்கியபின் காக்கிக் கால்சட்டை வந்தது. சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். படையின் ஆணைகளோ இந்துஸ்தானியில் அமைந்திருந்தமையால், அவர்கள் நிலையையும் மொழியையும் ஒருங்கே பயில வேண்டியிருந்தது.

ஏறத்தாழ நான்கு கிலோ எடையும் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட .303 ரைபிளைப் புதிதாக ஏந்துபவர், முன்புறம் இழுக்கும் எடையை ஈடுசெய்ய இடுப்பை முன்தள்ளி மேலுடலைப் பின்சாய்ப்பது இயல்பு. பின்னுதைப்பு, அவ்வாறு சாய்ந்து நிற்பவரை மேலும் பின்னே தள்ளிவிடும். ஆகவே இடக்காலைச் சற்று முன்வைத்து, ரைபிளின் பின்புறக் கட்டையின் அடிப்பகுதியைத் தோள்குழியில் அழுத்தி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, உடலை முன்சாய்த்து நிற்கவேண்டும் என்பது படைப்பயிற்சியின் பொதுப்பாடம். பெண்களின் தோள்வலிமைக் குறைவே தவறான நிலைக்குக் காரணம் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், கட்டையின் நீளத்துக்கும் அதில் பங்குண்டு. கை எட்டாத அளவுக்கு நீண்ட கட்டை, எவரையும் பின்சாயவே செய்யும். லீ-என்ஃபீல்டு வகை ரைபிளுக்கே குட்டை, நடுத்தரம், நெட்டை எனப் பல அளவுக் கட்டைகள் செய்யப்பட்டன என்பதிலிருந்து, ஆண்களுக்குள்ளும் இச்சிக்கல் அறியப்பட்டிருந்தது விளங்கும்.

படைப்பயிற்சி பிழை எனத் திருத்திய பின்சாய்வை விளையாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் முறையாகவே ஏற்றுக்கொண்டது என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பம். பின்னுதைப்பு மிகச் சிறிதாகவுள்ள காற்று ரைபிளில் எதிர்த்து நிற்கப் பெரிய விசை ஏதும் இல்லாமையால், இலக்குக்குப் பக்கவாட்டில் நின்று, இடுப்பை இலக்குப் பக்கம் நகர்த்தி, இடமுழங்கையை இடுப்பெலும்பின் மேல் அல்லது விலாவில் ஊன்றி, முதுகைச் சற்றே பின்வளைக்கின்றனர். எடையைத் தசை தாங்கினால் கை நடுங்கும், எலும்பு தாங்கினால் நடுங்காது என்பதே இதன் அடிப்படை. தோள்வலிமையை அளவுகோலாக்கி எழுப்பப்பட்ட ஐயம் இந்நிலையில் பொருளற்றதாகிறது. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில், ஆண்களும் பெண்களும் சேர்ந்து போட்டியிட்ட 50 மீட்டர் மூன்று நிலை ரைபிள் பிரிவில், அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக் முதலிடத்துக்குச் சமமான புள்ளிகள் எடுத்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். பெண்களுக்கெனத் தனிப் பிரிவுகள் 1984 லாஸ் ஏஞ்சலிஸில் வந்தன.

கடலூரில் 1999இல் பிறந்து அகமதாபாத்தில் பயிற்சி பெற்ற இளவேனில் வாலறிவன், 2019 ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் காற்று ரைபிளில் தங்கம் வென்றார். அப்பிரிவில் பத்துப் புள்ளிக்குரிய மையம் அரை மில்லிமீட்டர் விட்டமே கொண்டது. ரைபிளின் எடை 5.5 கிலோ வரை செல்லலாம் என்பதால், அது .303ஐவிடவும் கனமாக இருக்கக்கூடும். ஆயினும் அதன் அடிக்கட்டை நீளமும் கன்னம் பதியும் பகுதியின் உயரமும் திருகுகளால் மாற்றத்தக்கவை; சுடுபவர் அணியும் விறைத்த மேற்சட்டையும் அவரின் உடலளவுக்கே தைக்கப்படுகிறது.