விருதுநகரில் பொங்கிய நுரை



தோட்டத்து வாழ்வில் 'குடி' என்றதும் கள்ளுக்கடைதான் நினைவுக்கு வரும். அக்கடைகளை எதிர்த்து 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் போராடிய வரலாற்றை நம் மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். ஆயினும் திருவிழாக் காலங்களில் லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் சிறுவர்கள் கைகளில் நுரைத்த 'கலர்' புட்டியின் வரலாற்றை எவரும் சொல்வதில்லை. மலாயாவில் அவ்வணிகம் ஆங்கிலேயர் கையில் இருந்தது; பிரேசர் அண்ட் நீவ் 1883இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. தமிழர் குடும்பமொன்று அத்தொழிலில் கால்பதித்த கதை தமிழகத்தில் உண்டு.

பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் 1916ஆம் ஆண்டில் விருதுநகரில் காளிமார்க் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நாளைய சோடா, கோலிப் புட்டியில் வந்தது. ஆங்கிலேயரான ஐரம் காட் என்பார் 1872இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உள்ளிருக்கும் வளியின் அழுத்தமே கண்ணாடிக் கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடிவிடும். விரலால் கோலியை உள்ளே அழுத்தினால் 'டப்' என்னும் ஓசையுடன் நுரை பொங்கும். அந்த வளையங்களுள் சிலவற்றில் நம் பாட்டனார் சீவிய பாலும் இருந்திருக்கக் கூடும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. இது வெறும் கற்பனைதான்!

1950களின் இறுதியில் இக்குடும்பம் பொவண்டோவை அறிமுகப்படுத்தியது. திராட்சை மணமும் கோலாவின் நிறமும் கொண்ட பானம். பிரான்சு நாட்டின் சாம்பெயின் வட்டாரத்திலும் திராட்சையும் நுரையுமே தொழில். அங்கே 1829இல் தோன்றிய பொலாஞ்சே போன்ற குடும்ப நிறுவனங்கள் இன்றும் உள்ளன. அங்கு நுரை, புட்டிக்குள்ளேயே நிகழும் இரண்டாம் நொதித்தலால் பிறக்கிறது. இங்கோ கரியமில வளியைக் குளிர்ந்த நீரில் அழுத்திக் கலக்கின்றனர். அவர்கள் முந்தைய ஆண்டுகளின் மதுவைச் சேமித்துப் புதியதோடு கலந்து, விளைச்சல் எப்படியிருப்பினும் சுவை மாறாமல் காக்கின்றனர். அதையே 'இல்லத்தின் பாணி' என்பர். பொவண்டோவைப் பற்றிப் பழகியவர்கள் கூறும் பெரும் புகழ்ச்சியும் "அதே சுவை" என்பதே.

பாணியைக் காப்பதைவிடக் கடினமானது உரிமையைக் காப்பது. 1977இல் இந்தியாவைவிட்டு வெளியேறிய கோக்கோ கோலா 1993இல் திரும்பியது. வந்த கையோடு தம்ஸ் அப், கோல்டு ஸ்பாட் முதலிய பெயர்களைப் பார்லே நிறுவனத்திடமிருந்து வாங்கிவிட்டது. காளிமார்க் குடும்பம் விற்கவில்லை. சல்லிக்கட்டுக் கிளர்ச்சியைத் தொடர்ந்து, தமிழக வணிகர் சங்கங்கள் 2017 மார்ச்சு முதல் அயல்நாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என அறிவித்தபோது, மக்கள் தேடிச் சென்றது பொவண்டோவைத்தான். இனிப்புப் பானத்தை நான் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கவில்லை. பெற்றோர் தவறாக எண்ண வேண்டா.

என்னைப் பெரிதும் ஈர்த்தது அந்த ஊர்தான். நமது தோட்டப் பள்ளிகளுள் பல, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்தியதால் எழுந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் போதும். மாட்டுக் கொட்டகை போன்ற இடமாயினும் பள்ளி என்று கணக்குக் காட்டலாம். விருதுநகரில் அவ்வாறன்று. அங்குள்ள நாடார் வணிகர்கள் தம் சரக்கின்மீது தாமே 'மகமை' என்னும் வரி விதித்துக்கொண்டனர். 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்காக வீடுதோறும் பெண்கள் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வைத்தனர். 'பிடி அரிசிப் பள்ளி' என்றே அதனை அழைத்தனர். சோடாத் தொழில் தொடங்குவதற்கு இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே பள்ளி வந்துவிட்டது.

அந்தப் பிடி அரிசியில் படித்தவர்களுள் ஒருவர், பின்னாளில் தமிழகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளித்த காமராசர்.