தாய்மையும் உடையும் தன்மதிப்பும்

“பிள்ளை பெற்றவளுக்குப் புதுச் சேலை எதற்கு, பூ எதற்கு?” என்று வினவும் வழக்கம் நம்மவரிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. ஒரு குழந்தைக்குத் தாயான அன்றே ஒரு பெண்ணின் சொந்த விருப்பங்கள் யாவும் முடிந்துவிட்டன என்றும், அதன்பின் அவள் தன் உடையையோ தோற்றத்தையோ பற்றிச் சிந்திப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்றும் பலர் கருதுகின்றனர். தாய்மாரிலும் பலர் இதனை உண்மையென நம்பித் தம்மைத் தாமே ஒடுக்கிக் கொள்கின்றனர். தாய்மை பெண்ணின் தன்னம்பிக்கையைக் குறைப்பதா, வளர்ப்பதா? இக்கேள்வியை வெறும் வாதத்தினால் தீர்ப்பதினும் சரித்திரத்தினால் ஆராய்வதே நலம். அதற்கு வங்காளத்து மாதரசி ஒருவரின் வரலாறு நமக்குப் பெருந்துணையாகும்.

அவர் ஞானதாநந்தினி தேவியார். 1850-ஆம் ஆண்டில் ஜெஸ்ஸூர் ஜில்லாவில் பிறந்தவர். வயது பத்து நிரம்புமுன்னரே கல்கத்தாவில் ஜோராசாங்கோ மாளிகைக்கு மருமகளாக வந்தார். மாமனார் மகரிஷி தேவேந்திரநாத தாகூர், கணவர் சத்தியேந்திரநாதர், பின்னாளில் உலகம் போற்றிய கவி ரவீந்திரநாதர் இவருக்கு இளைய மைத்துனர். பிரம்ம சமாஜத்தின் தலைவர் வீடு அது. விக்கிரக வணக்கத்தை விட்டொழித்த வீடு. ஆயினும் பெண்கள் வரையில் அங்கும் பழைய பூட்டே தொங்கிற்று. உட்கட்டிலிருந்து மாதர் வெளிவரலாகாது. இவருடைய மாமியார் பத்துக்கு மேற்பட்ட மக்களைப் பெற்றெடுத்த தாய். அவருடைய வாழ்வும் உட்கட்டிலேயே கழிந்தது. ஆகவே, தாய்மை என்பது தானாகவே ஒருத்திக்குத் தைரியத்தைக் கொடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. கதவு அடைத்திருக்கும் வரையில் தாய்மையும் உள்ளேதான் அடைபட்டுக் கிடக்கும்.

அக்கதவுக்குப் பூட்டாக அமைந்தவற்றுள் ஒன்று உடை. அக்காலத்து வங்காளப் பெரிய குடும்பங்களில் மாதர் வீட்டினுள் உடுத்தியது ஒற்றைச் சேலை மட்டுமே. மேற்சட்டையும் இல்லை, உள்பாவாடையும் இல்லை. அவ்வுடையில் அயலார் முன் நிற்க ஒரு பெண் கூசுவது இயல்பே. “வெளியே போகாதே” என்று ஒருவரும் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவள் உடுத்திய துணியே அதனைச் சொல்லிக் கொண்டிருந்தது!

சத்தியேந்திரநாதர் 1863-இல் இந்தியன் சிவில் சர்வீஸ் பரீட்சையில் தேறிய முதல் இந்தியர். 1864-இல் சீமையிலிருந்து திரும்பிப் பம்பாய் மாகாணத்தில் உத்தியோகம் ஏற்றார். மனைவியையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று வற்புறுத்தித் தந்தையாரின் சம்மதம் பெற்றார். ஆனால் எந்த உடையில் அழைத்துச் செல்வது? ஒரு பிரெஞ்சுத் தையற்கடையில் சொல்லிக் கீழ்நாட்டு உடை என்னும் பெயரால் ஒன்றைத் தைப்பித்தனர். அது எத்தகைய உடையெனில், பிறர் உதவியின்றி அம்மையார் தாமாக அதனை அணிந்து கொள்ள முடியவில்லை. கணவர் நல்லெண்ணத்தோடு அளித்ததேயாயினும், அது பிறர் தேர்ந்த உடை. பிறர் கைகொண்டு அணிய வேண்டிய உடை.

பம்பாய் சேர்ந்ததும், பெண் கல்விக்கு உழைத்தவரான மாணக்ஜி கர்செட்ஜி என்னும் பார்சிப் பெரியாரின் இல்லத்தில் அத்தம்பதிகள் சில காலம் தங்கினர். அவ்வீட்டுப் பெண்கள் விருந்தினரோடு தாராளமாகப் பழகுவதையும், அவர்கள் சேலை உடுத்தும் நேர்த்தியையும் அம்மையார் கண்டார். கண்டதை அப்படியே பின்பற்றவும் இல்லை. பார்சி மாதர் முந்தானையை வலத் தோளில் இடுவர். இவரோ வலக்கை வேலைக்கு ஓய்வாக இருக்கும்படி இடத் தோளில் இட்டார். மேற்சட்டையும் உள்பாவாடையும் உடன் சேர்த்தார். மற்ற மாதர்க்கும் இம்முறையைக் கற்பிக்க விரும்புவதாகப் ‘பாமாபோதினி’ என்னும் மாதர் பத்திரிகை வாயிலாகத் தெரிவித்தார். பிரம்ம சமாஜத்து மாதர் முதலில் இதனை ஏற்றமையால் ‘பிரம்மிகா சேலை’ என்ற பெயர் வழங்கலாயிற்று. பின்னர் அது வங்காளமெங்கும் பரவிற்று.

1866-இல் கல்கத்தாவில் ராஜப்பிரதிநிதியின் விருந்துக்கு அம்மையார் சென்றபோது, அங்கு வந்திருந்த உறவினர் பிரசன்னகுமார தாகூர், தம் குலத்துப் பெண்ணொருத்தி அச்சபையில் நிற்பதைக் காணப் பொறாமல் வெளியேறினார் என்பர். மானம் போயிற்று என்று அவர் எண்ணினார் போலும்! உண்மையில் அன்று போனது மானமன்று. மானத்தின் பெயரால் நடந்து வந்த அடிமைத்தனமே.

இதுவரை கூறியது உடையின் கதை. எனினும் இவ்விடம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பம்பாய்க்குச் சென்றதும், விருந்துக்குச் சென்றதும் கணவரின் ஊக்கத்தினால் நிகழ்ந்தவை. கணவர் துணையின்றித் தனியே நிற்கும் வல்லமை அம்மையாருக்கு உண்டா என்பது அதுவரை விளங்கவில்லை. அதனை விளக்கியது தாய்மையே.

1877-ஆம் ஆண்டில் அம்மையார் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கணவர் உடன் செல்லவில்லை. கையில் மூன்று குழந்தைகள், வயிற்றிலும் ஒன்று. கடல் கடந்தால் ஜாதி போய்விடும் என்று ஆண்மக்களே நடுங்கிய காலம் அது! லண்டனில் அவரை வரவேற்றவர் ஞானேந்திரமோகன தாகூர். இவர் யார் தெரியுமா? விருந்திலிருந்து வெளியேறிய அதே பிரசன்னகுமாரரின் புதல்வர். கிறிஸ்துவ மதம் தழுவியதற்காகத் தந்தையின் சொத்தை இழந்தவர். தந்தை காண நாணிய பெண்ணை மகன் அந்நிய நாட்டில் வரவேற்றார்.

பின்னர் அம்மையார் பிரைட்டன் நகரில் குழந்தைகளோடு குடித்தனம் நடத்தினார். அந்நாட்டிற் பெற்ற மகவு பிழைக்கவில்லை. கடைக்குட்டி கவீந்திரனும் அங்கேயே மாண்டான். இத்துன்பத்தின் பின் எப்பெண்ணும் மூலையில் முடங்கினால் நாம் குறை கூறலாகாது. அம்மையாரோ எஞ்சிய இரு மக்களான சுரேந்திரனையும் இந்திராவையும் வளர்ப்பதில் நெஞ்சை நிலைநிறுத்தினார். 1878-இல் கணவரும் இளைஞர் ரவீந்திரரும் வந்து சேர்ந்தனர். வீட்டை விட்டுப் பிரிந்து வந்த அவ்விளைஞருக்கு அண்ணியாரின் இல்லமே சீமையில் முதற் புகலிடமாயிற்று.

தாயகம் திரும்பிய பின் அவர் செய்தவை யாவும் பிள்ளைகளை முன்னிட்டே விரிந்தன. கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தனி இல்லம் அமைத்தார். 1885-இல் ‘பாலக்’ என்னும் சிறுவர் பத்திரிகையை நடத்தினார். வீட்டுச் சிறுவரை எழுதத் தூண்டவேண்டும் என்று எண்ணியே அதனைத் தொடங்கினார். ரவீந்திரரும் அதற்கு நிறைய எழுதினார். மகள் இந்திரா 1892-இல் கல்கத்தா சர்வகலாசாலையில் பி.ஏ. பட்டம் பெற்றார், 1956-இல் விசுவபாரதியின் தற்காலிகத் துணைவேந்தராகவும் பணி புரிந்தார். உட்கட்டை விட்டு வெளியேற ஓர் உடை தேட வேண்டியிருந்தது தாய்க்கு. ஒரு சர்வகலாசாலையை நடத்தும் பொறுப்பேற்றார் மகள்!

“இது செல்வர் வீட்டுக் கதையன்றோ? உழைத்துண்ணும் ஏழைத் தாய்க்கு இதனால் ஆவதென்ன?” என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வியே. அதற்கு விடை, தமிழ் வழங்கிய தென் திருவிதாங்கூரிலேயே இருக்கிறது. அங்கு நாடார் குலத்துப் பெண்கள் மார்பை மறைத்தல் உயர்ஜாதியாருக்குச் செய்யும் அவமதிப்பு என்று தடுக்கப்பட்டது. 1822 முதல் கலகங்கள் எழுந்தன. சந்தையிலும் தெருவிலும் மாதரின் மேலாடை கிழித்தெறியப்பட்டது. 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான், சென்னைக் கவர்னர் டிரெவெலியன் வற்புறுத்திய பின், மகாராஜா விளம்பரம் வெளியிட்டு அவ்வுரிமையை வழங்கினார். அப்போதுங்கூட உயர்ஜாதி மாதரைப் போலவே உடுத்தலாகாது என்ற நிபந்தனை ஒட்டிக் கொண்டிருந்தது. 37 ஆண்டுகள்! ஒரு தலைமுறை கடந்த போராட்டம். தாயர் அடிபட்டுத் தொடங்கியதை மகளிர் உரிமையாக அடைந்தனர். அவ்வேழைத் தாய்மாருக்கும் மேலாடை அலங்காரமன்று, தலைநிமிர்வு.

இவ்விரு வரலாறுகளும் நமக்கு உணர்த்துவது யாது? தாய் தன்னை மதித்து உடுப்பதும், தன் விருப்பப்படி நடப்பதும் பிள்ளைக்குச் செய்யும் துரோகமல்ல. பிள்ளை முதன்முதல் காணும் மனித உருவம் தாய். அவ்வுருவம் கூனிக் குறுகி நின்றால் குழந்தையும் கூனலையே கற்கும். நிமிர்ந்து நின்றால் அதுவும் நிமிரும். விலையுயர்ந்த பட்டும் நகையும் வேண்டும் என்று யாம் கூறவில்லை. கடன்பட்டு வாங்கும் ஆடம்பரம் வேறு, தன்மதிப்பு வேறு. தூய ஆடை, படிக்கப் பொழுது, கூட்டங்களுக்குச் செல்ல உரிமை, தனக்கெனச் செலவிட நாலு காசு இவையே ஒரு தாய்க்கு வேண்டுவன.

தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் சகோதரர்களே! தாயைத் தெய்வம் என்று மேடையில் புகழ்வது எளிது. வீட்டில் அவள் கண்ணாடி முன் ஒரு நிமிஷம் நின்றால் ஏளனம் செய்யாதிருத்தலே அரிது. தாய்மார்களே! நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டுவதில்லை. பிறர் தைத்துத் தந்த பொருந்தா உடையைக் களைந்து, தமக்குப் பொருந்தியதைத் தாமே தேடிக்கொண்டார் ஒரு தாய். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். உங்கள் பெண்மக்கள் உங்களைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.