அணைந்த அடுப்பின்மேல் நிற்கும் மலை



மழை ஓய்ந்த காலையில் எங்கள் கருமத்தம்பட்டியிலிருந்து வடமேற்கே நோக்கினால் நீலகிரி தென்படும். புவியியல் வகுப்பில் ஒருநாள், "உயர்ந்த மலைகளின் அடியிலெல்லாம் நெருப்பு உண்டா, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான். "நீலகிரியில் எரிமலை இல்லை, ஆண்டீஸ் மலையில் நெடுகிலும் உண்டு," என்றேன். அவனோ நிலப்படத்தில் சிலி நாட்டின் நடுப்பகுதியில் விரலை வைத்து, "இங்கே ஒன்றையும் காணோமே?" என்றான். அன்று என்னிடம் விடையில்லை. அக்கடனை இன்று தீர்க்கிறேன்.

1835ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் இரவு, ஒசோர்னோ எரிமலை கனல் கக்குவதைச் சார்லஸ் டார்வின் கண்டார். வடக்கே, 6,961 மீட்டர் உயர்ந்த அக்கோன்காகுவாவும் அவ்விரவே எரிந்ததாகப் பின்னர்க் கேள்வியுற்று, அதனையும் எழுதி வைத்தார். மலைத்தொடரின் அடியில் உருகிய பாறை ஏரிபோல் பரந்து கிடக்கிறது என்பது அவர் கருத்து. ஆனால் அக்கோன்காகுவா எரியும் மலையன்று. அதன் பாறைகள் பழைய எரிமலைக் குழம்பால் ஆனவையே. எனினும் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பே அந்நெருப்பு அவிந்துவிட்டது.

அவிந்தது ஏன்? 1928இல் ஜப்பானிய அறிஞர் வதாத்தி, நிலத்தின் மிக ஆழத்திலும் நடுக்கங்கள் பிறப்பதைக் கண்டறிந்தார். அவை பிறக்கும் இடங்களைக் கோர்த்துப் பார்த்தால், கடலடித் தட்டு கண்டத்தின் கீழ் அமிழ்ந்து செல்லும் பாதை புலனாகும். அத்தட்டு சரிந்து இறங்கினால், அதிலிருந்து பிரியும் நீர் மேலுள்ள கொதிக்கும் கவசப் பாறையிற் கலந்து அதனை உருகச் செய்யும், எரிமலை பிறக்கும். 1976இல் பரசாங்கி, ஐசக்ஸ் என்னும் இருவர், பெருவின் அடியிலும் நடுச் சிலியின் அடியிலும் அத்தட்டு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் படுக்கையாகவே நெடுந்தொலைவு செல்வதைக் காட்டினர். எரியும் விறகுக்கும் பானைக்கும் இடையே ஈரப் பலகையைச் செருகினாற்போல, குளிர்ந்த தட்டு மேலோட்டின் அடியை ஒட்டிக் கிடக்கிறது. இடையிலிருந்த வெப்பக் கவசத்துக்கு அங்கே இடமில்லை, உருகலும் இல்லை. ஆயினும் தட்டின் நெருக்குதல் ஓயவில்லை. அதனால் கிழக்கே உள்நாட்டிலும் மலைகள் எழுந்தன.

ஆகவே உயரம் வேறு, வெப்பம் வேறு. பேரறிஞர் கேள்வியுற்று எழுதியதைவிட, ஒரு சிறுவன் படத்திற் கண்ட வெற்றிடம் உண்மைக்கு அண்மையில் இருந்தது. நிலப்படத்தில் வெற்றிடம் கண்டால், மாணவர்களே, நீங்களும் அங்கே விரலை வைத்து வினவுங்கள்.